பின்னால் கீச்சென்று சத்தமா? எங்கே என்று தேடுமுன் எப்போது என்று கேளுங்கள்

இரவு 10 மணிக்கு மேல் எங்கள் புளோக்கின் அடுக்குமாடி கார்பார்க் அடங்கிப்போயிருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு தளத்து மேட்டிலும் கார் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து "கீ...ச்" என்று ஒரு சத்தம். பழைய மரக்கட்டிலில் புரண்டு படுத்தால் வருமே, அப்படி. பின்சீட்டில் இருந்த அம்மா, "ஏம்ப்பா, கதவு சரியா சாத்தலையா?" என்று கேட்டார். கதவெல்லாம் சரியாகத்தான் சாத்தியிருந்தது.

முதலில் போன பட்டறையில் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஷாக் போயிருச்சு" என்றார்கள். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினோம். மூன்றாம் நாள் அதே மேடு, அதே கீச். பணம் போனதைவிட, நன்றாக இருந்த பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டோமே என்பதுதான் எனக்கு உறுத்தியது. அப்புறம்தான் பட்டறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனைப் பார்த்தேன். காரின் பக்கமே அவர் போகவில்லை.

"தம்பி, சத்தம் எப்ப வருது?"

"பின்னால, வலது பக்கம்."

"எங்கன்னு கேக்கல. எப்பன்னு கேட்டேன்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காரைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் கூட இந்தச் சத்தத்தைப் பாதி தூரம் தாங்களே கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் அன்றைக்குக் காட்டினார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"எங்கே" என்பது ஏமாற்றும் கேள்வி. காரின் உடல் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதன் ஒரு மூலையில் எழும் அதிர்வு தகடு வழியாக ஓடி வேறொரு மூலையில் ஒலிக்கும். வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் முனகும் ரப்பர், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இடது கதவில் கேட்கலாம். "எப்போது" என்பது அப்படி ஏமாற்றாது. சத்தம் வரும் நொடியில் எது அசைகிறதோ, அங்கேதான் அது பிறக்கிறது.

அசைபவை எவை?

சஸ்பென்ஷன் என்பது காரின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஏற்பாடு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு ஓடும்போது துள்ளலின் வேகமெல்லாம் சூடாக மாறிக் கரைந்துவிடும். சக்கரம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விலகாமல் பிடித்து வைப்பவை ஆர்ம் எனப்படும் இரும்புக் கைகள். அந்தக் கைகள் உடலோடு சேரும் மூட்டுகளில் இருப்பது புஷ். ஒரு சின்ன இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி இன்னொரு இரும்பு வளையம். நம் முழங்காலில் குருத்தெலும்பு இருக்கிற மாதிரி.

பின்பக்கத்தில் இந்த ஏற்பாடு காருக்குக் கார் மாறும். டொயோட்டா வியோஸ், ஹோண்டா ஜாஸ் மாதிரியான சின்னக் கார்களில் டார்ஷன் பீம்: இரண்டு பின்சக்கரத்தையும் இணைத்துக் குறுக்கே ஓடும் ஒரே இரும்புத் தண்டு, உடலோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய புஷ். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மாதிரியான கார்களில் மல்டி-லிங்க்: ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பல கைகள், ஒவ்வொரு கைக்கும் இரண்டு மூட்டு. சொகுசு கூடும், சத்தம் வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்களும் கூடும். சாமான் ஏற்றும் ஹையேஸ் வேன், லாரி இவற்றில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்ள மாடல் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடினாலே போதும். அதைத் தெரிந்துகொண்டு தேட ஆரம்பித்தால் வேலை பாதியாகக் குறையும்.

கீச் என்ற சத்தம் எப்படிப் பிறக்கிறது? சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடும்போது காலணி தரையில் கீச்சிடுமே, அதேதான். ரப்பர் தரையைப் பிடிக்கிறது, இழுவை கூடியதும் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது, மறுபடி வழுக்குகிறது. இது ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடந்தால் காதுக்குக் கீச்சென்று கேட்கும். ஆக, கீச் சத்தம் கேட்டால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் பிடித்துப் பிடித்து வழுக்குகின்றன என்று பொருள். "டக்" என்று கேட்டால் கதை வேறு: அங்கே இடைவெளி விழுந்து, ஒன்று இன்னொன்றின்மேல் மோதுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பட்டறையில் சொன்னாலே பாதித் தவறு குறையும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். கை மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். அதனால்தான் அதற்கு எண்ணெயே தேவையில்லை. வருஷங்கள் போகப்போக ரப்பர் இறுகி, வெடித்து, இரும்பிலிருந்து விட்டுப்போகும். அப்போதுதான் வழுக்கல் ஆரம்பிக்கும், சத்தமும் ஆரம்பிக்கும்.

இந்த ரப்பரின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் தாத்தா ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தது நம் சிங்கப்பூர்ப் பூமலைக்குத்தான். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை அங்கே இயக்குநராக இருந்த ரிட்லி 1890களில் சோதித்துக் காட்டினார். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்த பிறகும் புஷ்களில் இயற்கை ரப்பர் இன்னும் நிறையப் பயன்படுகிறது. லட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் லேசில் கிழியாது. அதற்குச் சூடு ஆகாது, ஓசோன் ஆகாது, பெட்ரோலிய எண்ணெய் அறவே ஆகாது. எண்ணெய் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சரி, எப்போது என்று எப்படிக் கேட்பது?

மேடு பள்ளம் இல்லாத சமமான சாலையிலும் சத்தம் வந்து, வேகம் கூடக்கூட "கீச், கீச், கீச்" என்று நெருக்கமாகிறதா? அப்படியானால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. பெரும்பாலும் பிரேக். பல பிரேக் பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கை உரசிச் சத்தம் போட்டு எச்சரிக்கும். அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை, பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகத்தோடு ஒட்டாமல், கார் மேலும் கீழும் அசையும்போது மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் அல்லது காரின் உள்பக்கம். மேட்டில் மெதுவாக ஏறி இறங்கும்போது, கார்பார்க் சுழல் பாதையில் உடல் ஒருபக்கம் சாயும்போது, பின்சீட்டில் ஆள் ஏறி இறங்கும்போது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். விரைவுச்சாலையில் இது காதில் விழாது. டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் அதை மூடிவிடும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் காரில்தான் இந்தச் சத்தம் அதிகம் என்று கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன முனகலும் காதில் விழுகிறது.

மழை ஒரு நல்ல துப்பு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நன்றாக மழை பெய்தபோது சத்தம் நின்று, இரண்டு நாள் காய்ந்ததும் திரும்பி வந்தால், சத்தம் போடுவது காருக்கு அடியில், தண்ணீர் படும் இடத்தில் உள்ள ரப்பர். மழையோ வெயிலோ ஒரே மாதிரி இருந்தால் உள்பக்கத்தைச் சந்தேகப்படலாம்.

அந்த உள்பக்கத்தைத்தான் முதலில் கழித்துக்கட்ட வேண்டும். பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதியைக் காலி செய்யுங்கள். குடை, தள்ளுவண்டி, தண்ணீர்ப் பாட்டில், எல்லாம் வெளியே. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகைத் தட்டைக் கழற்றி வையுங்கள். தரைவிரிப்புக்கு அடியில் ஜாக்கும் ஸ்பேர் டயரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். குழந்தை இருக்கையை எடுத்துவிடுங்கள். அதன் பிளாஸ்டிக் அடிப்பாகம் தோல் சீட்டில் உரசினால் சஸ்பென்ஷன் சத்தம் மாதிரியே கேட்கும். பின்சீட்டின் சாய்வை மடக்கிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். சீட்டைப் பிடிக்கும் கொக்கியில் உரசல் இருந்தால் அப்போது நின்றுவிடும். ஆள் உட்கார்ந்தால் சத்தம் நின்று, காலியாக ஓட்டினால் வந்தால் அந்தக் கொக்கிமேல்தான் என் முதல் சந்தேகம் போகும். பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் செய்ய அரை மணி நேரம் ஆகாது, ஒரு காசு செலவில்லை. பட்டறைக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் போகாதீர்கள்.

அமுக்கிப் பார்க்கும் சோதனை

சத்தம் இன்னும் இருக்கிறதா? சமதளத்தில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஒருவர் பின்பக்கத்தை, பம்பருக்கு மேலே உறுதியான இடத்தில் கைவைத்து, உடம்பின் எடையைப் போட்டு அமுக்கி விட வேண்டும். அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு, ஒரே தாளத்தில். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுக்க வேண்டும். தகட்டின் நடுவில் அமுக்கினால் நசுங்கிவிடும், கவனம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்கும். டார்ஷன் பீம் காரில் பின்பக்கம் அமுங்கும்போது சக்கரம் ஒரு துளியாவது உருள வேண்டும். பூட்டியிருந்தால் பிரேக்கும் டயரும் முறுக்கிக்கொண்டு தாங்களே முனகும். அதைக் கேட்டுவிட்டு சஸ்பென்ஷன் என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோ கியர் காராக இருந்தால் பி-யில் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு ஒருமுறை. இரண்டிலும் சத்தம் வந்தால் சஸ்பென்ஷன். போட்டால் மட்டும் வந்தால் பிரேக் பக்கம் திரும்புங்கள்.

காதைவிடக் கை நம்பகமானது. கார் சூடு ஆறியிருக்கும்போது, ஒருவர் மெதுவாக அமுக்க, ஷாக்கின் வெளிக்குழாய்மேல் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். சத்தம் போடும் பாகத்தைத் தொட்டால் நறநறவென்று ஒரு நடுக்கம் விரலில் தெரியும். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் மட்டும் விரலை விடவே கூடாது. ஜாக் போட்டுத் தூக்கிய காருக்கு அடியிலும் நுழையாதீர்கள். ஜாக் என்பது டயர் மாற்றத்தான், அதன் அடியில் ஆள் படுக்க அல்ல. இதை நான் எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். அந்த அண்ணன் எனக்குக் காட்டியது இதுதான். சலூனில் முடிக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த மாதிரி ஒரு பாட்டிலில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும். சக்கரத்துக்குப் பின்னால் எட்டுகிற ரப்பரின்மேல் அடித்து, ஒரு நிமிடம் ஊற விட்டு, பின்பக்கத்தை அமுக்கச் சொன்னார். கீச். அடுத்ததில் அடித்தார். கீச். ஷாக்கின் கீழ்மூட்டில் அடித்தார், அப்போதும் கீச். பிறகு சக்கரத்துக்கு முன்னால், பீம் உடலோடு சேரும் இடது பக்கப் பெரிய புஷ்ஷில் நனைய நனைய அடித்தார். நான் அமுக்கினேன். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன், காரின் பின்பக்கம் சத்தமே இல்லாமல் இறங்கி ஏறியது. இரண்டு மாதமாக வலது பக்கம் என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் இடது பக்கத்தில் இருந்தது.

ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் சத்தம் நிற்கும், எது என்று தெரியாது. பிரேக் டிஸ்க், டிரம் பக்கம் அடிக்காதீர்கள். கை எட்டாத புஷ்களுக்கு, பட்டறையில் சக்கரங்கள் மேடையில் நிற்கும்படி தூக்கும் லிஃப்ட் இருந்தால் இதே சோதனையை அவர்களிடம் செய்யச் சொல்லலாம். உடலைப் பிடித்துத் தூக்கினால் சக்கரங்கள் தொங்கும், எடை இல்லாத புஷ் வாய் திறக்காது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாக்கின் மேல்மூட்டு ரப்பர் பல கார்களில் பூட் உறைக்குள் இருக்கும், காய்ந்தால் முனகும். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் ரப்பர் மெத்தை உண்டு. அது கிழிந்தால் இரும்பும் இரும்பும் உரசும், மண் துகள் சேர்ந்தால் நறநறக்கும். திருப்பத்தில் உடல் அதிகம் சாயாமல் தடுக்கும் தண்டான ஸ்டெபிலைசர் பார் தனியாக இருக்கும் கார்களில் அதைப் பிடிக்கும் ரப்பர் பல சமயம் தண்டோடு ஒட்டாமல் சும்மா கவ்வியிருக்கும், அதனால் சீக்கிரமே சத்தம் போடும். மாற்ற எளிது, செலவும் குறைவு. வேன், லாரியில் பட்டைகளுக்கு நடுவில் உள்ள மெத்தை தேய்ந்தாலும், பட்டை முனையின் புஷ் போனாலும் பாரம் ஏற்றி இறக்கும்போதே கேட்கும்.

எண்ணெய் அடிக்கலாமா?

எல்லாரும் கேட்பது இதுதான். நீல நிற டப்பாவில் வரும் டபிள்யூடி-40 அடித்தால் சத்தம் உடனே நிற்கும். சில நாளில் திரும்பி வரும். அதில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய். முன்னால் சொன்னேனே, இயற்கை ரப்பருக்கு அது பகை. ரப்பர் ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் இதே கதைதான். தடவித்தான் ஆக வேண்டும் என்றால் ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கோன் கிரீஸ். அதுவும் ஸ்டெபிலைசர் ரப்பர் மாதிரி, வழுக்குவதற்கென்றே இருக்கும் இடத்தில்தான். இரும்போடு ஒட்ட வைத்த புஷ் விட்டுப்போயிருந்தால் எதைத் தடவினாலும் தற்காலிகம்தான். மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயசு. அப்புறம் ஒரு விஷயத்தைப் பட்டறையில் வாய் திறந்து கேளுங்கள்: போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது கார் தன் எடையில் நிற்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போதெல்லாம் அளவுக்கு மீறித் திருகி, புது ரப்பர் வெகு சீக்கிரம் கிழியும். மாற்றிய சில மாதங்களிலேயே சத்தம் திரும்பிவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மல்டி-லிங்க் காரில் கைகளைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணமும், பார்த்துவிடுங்கள்.

சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், முடிய ஒரு வருஷம்தானே இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா என்றும் கேட்பார்கள். வெறும் கீச் என்றால், அடியில் பார்த்து உறுதி செய்துகொண்டு, பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆனால் கீச் என்பது டக் டக் என்று மாறினால், விரைவுச்சாலையில் தடம் மாறும்போது பின்பக்கம் தாமதமாக அசைந்து வருவதுபோல் தெரிந்தால், ஷாக்கில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால், கார் ஒரு மூலையில் தாழ்ந்து நின்றால், பின் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இதில் ஸ்பிரிங் உடைந்திருப்பதும் அடக்கம். சிங்கப்பூரில் 3 வயது தாண்டிய கார் 10 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், 10 வயதுக்கு மேல் வருஷா வருஷமும் பரிசோதனைக்குப் போகிறது. கோளாறு அது வரைக்கும் காத்துக்கொண்டிருக்காது.

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று எந்தப் பட்டறைப் பேட்டைக்குக் கொண்டுபோனாலும் ஒன்று நடக்கும்: பட்டறை வாசலில் கார் வாயே திறக்காது. அதனால் சத்தம் வரும்போதே கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். ஒருவர் அமுக்க, கைபேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தால் தெளிவாகப் பதியும். அதோடு ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "காய்ந்த நாளில் மட்டும். மேட்டில் மெதுவாக ஏறினால் வரும். வேகத்தோடு மாறாது. பூட் காலி, பின்சீட் மடக்கிப் பார்த்தாயிற்று. ஹேண்ட்பிரேக் போட்டாலும் எடுத்தாலும் வரும். இடது பீம் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் அடித்தால் நிற்கிறது." நான் இரண்டாவதாகப் போன பட்டறையில் இதைப் படித்த மெக்கானிக் காரை ஓட்டிப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக இடது பக்கம் குனிந்து, ரப்பரில் விழுந்திருந்த வெடிப்பை எனக்குக் காட்டினார். என் சுண்டு விரல் நகம் அதற்குள் போனது.